ஏழு கும்பா வீட்டு உரல்

ரயிலும் வராத, தார் ரோட்டை யாரும் கண்டிராத காலத்துல, கரிசக்காட்டுக்கு நடுவுல ஒத்தப்புளிக்கரிசல்னு ஒரு ஊர் இருந்துச்சாம். ஊர் இன்னும் அங்கேதான் இருக்கு. பேருக்குக் காரணமான புளியமரம்தான் இல்லை. ஆனா அந்த மரத்தடியில கெடந்த ஒரு கல்லுரல் இப்பவும் கெடக்கு, மூணு தெரு கூடுற முக்குல, குப்புற. குழி மண்ணைப் பாத்துக் கெடக்கு. அடிப்பக்கம் வானத்தைப் பாத்துக் கெடக்கு. யாரும் அதை நிமித்துறது இல்லை. ஏன் நிமித்துறது இல்லைங்கிறதுதான் கதை.

அந்த ஊர்ல அணைஞ்சபெருமாள்னு ஒரு சம்சாரி இருந்தாராம். சிக்கனம்னா அவரு. கட்டுசெட்டுன்னா அவரு. பக்கத்து ஊர்க்காரங்க வண்டி கட்டி வந்து கேப்பாகளாம்: "பெரியவரே, இம்புட்டுப் பெரிய குடும்பத்தை எப்படித்தான் நடத்துறீக? எங்களுக்கும் அந்தச் சூட்சுமத்தைச் சொல்லக் கூடாதா?" அவர் மீசையை ஒதுக்கிவிட்டுக்கிட்டு ஒரே பதில்தான் சொல்லுவாராம்.

"ஏழு கும்பா, ஏழு நாழி. ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது."

கும்பான்னா கஞ்சி குடிக்கிற வெண்கலப் பாத்திரம். அவருக்கு ஒன்னு. ரெண்டு மகன்களுக்கு ரெண்டு. மூத்தவன் பெத்த பேரன்கள் ரெண்டு பேருக்கு ரெண்டு. உழவுக்கு நிக்கிற பண்ணையாளுக ரெண்டு பேருக்கு மண்ணுல செஞ்ச கும்பா ரெண்டு. ஆக ஏழு. கும்பாவுக்கு ஒரு நாழிக் கம்பு. காலையில எழுந்ததும் அவரே குலுக்கைக்கிட்டப் போவாராம். குலுக்கைன்னா மண்ணுல செஞ்ச, ஆள் உயரத் தவசக்கூடு, தானியம் கொட்டி வைக்கிறது. அடியில ஒரு துவாரம் இருக்கும். அதைத் தொறந்து ஏழு நாழி அளந்து மொறத்துல போடுவாரு. மறுபடியும் துவாரத்தைச் சாணி வச்சு அடைச்சு, ஈரச் சாணியில தன் கட்டை விரலை அழுத்தி ஒரு பதிவு வைப்பாரு. மறுநாள் வந்து அந்த ரேகை கலையாம இருக்கான்னு பாத்துட்டுத்தான் தொறப்பாராம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை தனியா அளப்பாரு. நாய்க்கு ஒரு கை கூழுன்னு அதையும் சொல்லி வச்சிருந்தாரு.

அப்போ பொம்பளைகளுக்குன்னு கேக்குறீகளா? கேக்கணும். அன்னைக்கு யாரும் கேக்கலை.

பொம்பளைகளுக்குக் கும்பா கிடையாது. கும்பா இல்லாதவக கணக்குல கிடையாது. ஏழு கும்பாவும் நெறஞ்சு, ஏழு கும்பாவும் எழுந்து போன பெறகு, பானையில ஒட்டினது எதுவோ அது பொம்பளைகளுக்கு. அந்த வீட்டுல அப்படி நாலு பேர் இருந்தாக. மாமியார் இசக்கியம்மா. மூத்த மருமக வெயிலுகந்தா. இளைய மருமக மாடத்தி. வெயிலுகந்தா பெத்த சின்னப்பூ, எட்டு வயசு. நாலு பேரும் அடுப்பங்கரையில உக்காந்து பானையைச் சொரண்டுவாக. அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் கேக்குமாம். வாசல்ல உக்காந்து அவர் வெளியூர்க்காரங்ககிட்டச் சிக்கனம் பேசிக்கிட்டு இருப்பாராம்.

வெயிலுகந்தாளை ஊர்ல வெயிலம்மான்னு கூப்பிடுவாக. அதிர்ந்து பேச மாட்டாளாம். தினமும் அடுப்பு பத்தவைக்கும் முன்னால, அடுப்பங்கரை மாடத்துல இருக்கிற அகலை ஏத்தி, கண்ணை மூடி ஒன்னே ஒன்னு கேப்பாளாம்.

"தாயே, எனக்குக் கோபம் வராமப் பாத்துக்க."

நகை நட்டு கேக்கலை, மாடு கன்னு கேக்கலை. கோபம் வரக் கூடாதுன்னு மட்டும் கேட்டா. ஏன்னா அவளுக்குள்ள ஒரு கோபம் பத்து வருஷமாக் கெடந்துச்சு. சின்னப்பூவுக்கு முன்னால அவளுக்கு ஒரு பொம்பளைப்புள்ள பொறந்து, அம்பதாம் நாள் போயிருச்சு. தாய்கிட்டப் பால் இல்லை. பானையில ஒட்டாத மாசம் அது. மாமனார் எட்டிப் பாத்துட்டு, "ஆண்டவன் எழுதினது அவ்வளவுதான்"னு சொல்லிட்டுக் காட்டுக்குப் போயிட்டாராம். ஆண்டவன் எங்கே எழுதினான்? அவர் அளக்கலை. அவ்வளவுதானே? வெயிலம்மாவுக்கு அது அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் வாயைத் தொறக்கலை. புள்ளை போனதை ஊர் மறந்திருச்சு. தான் வாயைத் தொறக்காததை அவ மறக்கவே இல்லையாம்.

அப்படி இருக்கிறப்ப ஒரு வருஷம் ஐப்பசி பொய்ச்சுது, கார்த்திகையும் பொய்ச்சுது. தையில அறுத்தது பாதிக் குலுக்கைக்கு ஏறலை. ஆடி பொறந்ததும் மாமனார் குலுக்கையைத் தட்டிப் பாத்தாராம். வெறும் பானையைத் தட்டின மாதிரி சத்தம் வந்துச்சு. மறுநாள் மொறத்துல அஞ்சு நாழிதான் விழுந்துச்சு.

"மாமா, அஞ்சு நாழியில ஏழு கும்பா நெறையாதே"ன்னா வெயிலம்மா.

"நெறையணும். உழுறவன் வயிறு அது. கும்பா தாழ்ந்தா பண்ணையாள் நாளைக்கே அடுத்த வீட்டுக்குப் போயிருவான். தை வரைக்கும் இதை ஓட்டியாகணும். நீங்க பாத்து அனுசரிச்சுக்கோங்க."

அனுசரிச்சுக்கோங்க! சொல்றவனுக்கு ஒரு நொடி. அனுசரிக்கிறவளுக்கு ஆறு மாசம். நாலு பேரும் அனுசரிச்சாக. புளியங்கொட்டையை வறுத்து ஊறவச்சுத் தின்னாக. குப்பைக்கீரையை உப்புப் போட்டு அவிச்சுத் தின்னாக. பானை கழுவின தண்ணியைக் கீழே ஊத்தாமக் குடிச்சாக. அந்தச் சமயத்துல ஒருத்தர் மேலூர்ல இருந்து வந்து, "அடேங்கப்பா, இந்தப் பஞ்சத்துலயும் உம்ம வீட்டு ஆம்பளைக முகம் ஒன்னுகூட வாடலையே பெரியவரே! நீரு மந்திரியா இருக்க வேண்டிய ஆளு"ன்னாராம். பெரியவருக்குச் சிரிப்பு தாங்கலை. "எல்லாம் கட்டுசெட்டுதான்"னாராம். உள்ளே பானை சொரண்டுற சத்தம்கூட அன்னைக்குக் கேக்கலை. சொரண்ட என்ன இருக்கு?

அப்போ மாடத்திக்குப் புள்ளை பொறந்து நாப்பது நாள். அதுவும் பொம்பளைப்புள்ளைதான். அவ புருசன் பருத்தி வண்டியோட தூத்துக்குடிக்குப் போயிருந்தான். மார்ல பால் வத்திப்போச்சு. புள்ளை சப்பிப் பாக்கும், அழும், மறுபடி சப்பும். அழக்கூடத் தெம்பில்லாம பூனைக்குட்டி மாதிரி மொனங்கும். அந்த மொனகலை வெயிலம்மா கேட்டிருக்கா, பத்து வருஷத்துக்கு முன்னால. அதே சத்தம். அதே நாப்பது நாள்.

ஒரு நாள் கம்பு குத்துறப்ப மாடத்தி ஒரு சிறங்கை எடுத்து வாயில போட்டுக்கிட்டா. பச்சைக் கம்பு மாவு. வெயிலம்மா பாத்தா. பாத்துட்டு, "தண்ணி குடி, விக்கிக்கப் போகுது"ன்னு மட்டும் சொன்னாளாம்.

ஆனா மாமனார் லேசுப்பட்ட ஆளா? அஞ்சு நாழி கம்பைக் குத்திப் புடைச்சா எம்புட்டு மாவு வரணும், எம்புட்டு உமி போகணும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அன்னைக்கு மாவை அளந்து பாத்தாரு. சிறங்கை குறைஞ்சுது.

"எல்லாரும் வெளிய வாங்க"ன்னாரு.

வீட்டு முத்தத்துல மூணு பொம்பளைகளையும் வரிசையா நிறுத்தினாராம். பண்ணையாளுக ரெண்டு பேரும் ஏர் பூட்டப் போனவங்க அப்படியே நின்னுட்டாங்க.

"வாயைத் தொறங்க."

இசக்கியம்மா, கட்டின பொண்டாட்டி, நாப்பது வருஷம் அவர்கூடக் குடித்தனம் நடத்தினவ, அவளும் வாயைத் தொறந்தா. உள்ளே நாலு பல்லு இருந்துச்சு, வேற ஒன்னும் இல்லை. வெயிலம்மா தொறந்தா. மாடத்தி தொறக்கலை.

"ஏ இளையவளே, தொறளா!"

தொறந்தா. நாக்குல வெள்ளையா மாவு.

"வீட்டுக்குள்ளயே கள்ளி! காவல் காத்துக் காத்துக் குலுக்கைக்குச் சாணி வச்சு அடைக்கிறேன், கள்ளி உரல்கிட்ட நிக்கிறா!"

"மாமா, பால் இல்லை மாமா. புள்ளை சப்பிச் சப்பி ரத்தம்தான் வருது மாமா."

"களவாண்ட பால் புள்ளை ஒடம்புல ஒட்டாது."

சொல்லிட்டு ஒரு கட்டளை போட்டாராம். நாளையில இருந்து கம்பு குத்துறவ பாடிக்கிட்டேதான் குத்தணும். அவர் வாசல்ல கட்டில் போட்டு உக்காந்து கேப்பாரு. பாட்டு நின்னா வாயில தவசம் போகுதுன்னு அர்த்தம்.

எப்படி இருக்கு பாத்துக்கோங்க. பசிச்ச வாயில ஒரு மணி போயிரக் கூடாதுன்னு அந்த வாயில பாட்டை வச்சு அடைச்சாரு, குலுக்கையைச் சாணி வச்சு அடைச்ச மாதிரி.

மறுநாள்ல இருந்து பாட்டு.

*மானம் கறுக்கலியே, மழைத்தண்ணி எறங்கலியே,*
*மாடம் வெளக்கெரிய எண்ணெய்த்துளி காணலியே…*

ஒரு அடி பாடணும், ஒரு குத்து குத்தணும். மூச்சு வாங்க நின்னா கட்டில்ல இருந்து ஒரு கனைப்பு வரும். மறுபடியும் பாட்டு. தெருவுல போறவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "ஏழு கும்பா வீட்டுல பஞ்சமே இல்லை போ! பொம்பளைக பாடிக்கிட்டே வேலை பாக்குறாக"ன்னாங்களாம். வெயிலம்மா அதைக் கேட்டா. மாடத்துல விளக்கை ஏத்தி, "தாயே, கோபம் வராமப் பாத்துக்க, கோபம் வராமப் பாத்துக்க"ன்னு அன்னைக்கு ரெண்டு தடவை கேட்டாளாம்.

எட்டாம் நாள். வெயில் ஏறி நிக்குது. வெயிலம்மா மொறத்தோட உக்காந்து புடைக்கிறா. மாடத்தி உலக்கையைத் தூக்கித் தூக்கிப் போடுறா.

*மானம் கறுக்கலியே, மழைத்தண்ணி…*

அதுக்கு மேல வரலை. உலக்கை ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்.

"என்ன, பாட்டு நின்னுருச்சு?" கட்டில்ல இருந்து சத்தம் வந்துச்சு. "வாயில என்ன?"

வெயிலம்மா ஓடிப்போய் மாடத்தி தலையை மடியில எடுத்து வச்சா. கண்ணு சொருகியிருந்துச்சு. வாய் தானாத் தொறந்து கெடந்துச்சு. வெயிலம்மா அந்த வாய்க்குள்ள விரலை விட்டுப் பாத்தா. காஞ்சு கெடந்துச்சு. ஒரு மணி இல்லை. எச்சில்கூட இல்லை.

"மாமா, வந்து பாருங்க. வாய் தொறந்துதான் கெடக்கு."

அவர் எழுந்திரிக்கலையாம். "தண்ணியத் தெளி. மீதியை நீ குத்து. நீ பாடு"ன்னாராம்.

நீ பாடு!

வெயிலம்மா தண்ணி தெளிச்சா. மாடத்தி கண்ணு முழிச்சதும், அவளைச் செவத்துல சாச்சு வச்சுட்டு நேரா அடுப்பங்கரைக்குப் போனா. மாடத்து முன்னால நின்னா. கண்ணை மூடலை.

"தாயே, பத்து வருஷமா ஒங்கிட்டக் குடுத்து வச்சிருக்கேன். இன்னைக்கு அதைத் திருப்பிக் குடு"ன்னா.

குடுத்துட்டா தாயி!

திரும்பி வந்தவ, மொதல்ல உரலுக்குள்ள கெடந்த கம்பை ஒரு மணி விடாம வழிச்சு மொறத்துல போட்டாளாம். மொறத்தைக் கொண்டுபோய் மாமனார் காலடியில வச்சா. அம்புட்டுக் கோபத்துலயும் ஒரு மணி சிந்தலை. அவளுக்குத் தெரியாத சிக்கனமா? பெறகு உரலைச் சாய்ச்சா. கல்லுரலு! ரெண்டு ஆம்பளை உருட்டுற உரலு. பண்ணையாள் ஒருத்தன் பதறிப்போய், "அம்மா, நான் பிடிக்கேன்"னு வந்தான்.

"தள்ளு"ன்னா.

முத்தத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மாமனார் கட்டிலை ஒரசிக்கிட்டு, தெருவோட கடகடன்னு உருட்டிக்கிட்டுப் போனா. நாய்க குலைச்சுக்கிட்டே பின்னால போச்சு. முக்குப் புளியமரத்தடியில கொண்டுபோய் நிறுத்தி, ஒரே மூச்சுல குப்புறக் கவுத்தா. தரை அதிர்ந்துச்சாம்.

ஊரே கூடிருச்சு. உரலைக் கவுக்கிறதுன்னா அந்தக் காலத்துல சாதாரண விஷயம் இல்லை. கவுத்தவ கையாலதான் நிமித்தணும், வேற ஆள் நிமித்தினா அவன் வீட்டுல அடுப்பு எரியாதுன்னு ஒரு பயம். அணைஞ்சபெருமாள் கைத்தடியை ஊனிக்கிட்டு வந்து சேர்ந்தாரு.

"மூத்தவளே, என்ன கூத்து இது?"

"ஒன்னும் பெருசா வேண்டாம் மாமா. ஒங்க வீட்டுல எத்தனை வாய்னு இந்த உரலுக்கு முன்னால நின்னு எண்ணிச் சொல்லுங்க. அன்னைக்கு நான் இதை நிமித்துறேன்."

"ஊருக்கே தெரியும். ஏழு கும்பா."

"கும்பாவைக் கேக்கலை மாமா. வாயைக் கேக்கேன். எட்டு நாளைக்கு முந்தி முத்தத்துல நிறுத்தித் தொறந்து பாத்தீகளே, அந்த வாயெல்லாம் எந்தக் கணக்கு? களவுக்கு எண்ணத் தெரியுது, கஞ்சிக்கு எண்ணத் தெரியாதா?"

கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. அவர் மொகம் செவந்துபோச்சு. "கவுத்தா கவுந்து கெடக்கட்டும். பசிச்சா வருவா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாராம். பசிச்சா வருவாளாம்! பசி அவளுக்குப் புதுசா?

வெயிலம்மா மாடத்தியையும் கைப்புள்ளையையும் சின்னப்பூவையும் கூட்டிட்டு வந்து மரத்தடியில உக்காந்துட்டா. எதிர்வீட்டு அரியநாச்சி, எதுக்கும் வாய் ஓயாதவ, ஒரு கலயம் கஞ்சியோட வந்தா. "குடி மாடத்தி. எங்க வீட்டுக் கிழவனுக்குத் தெரியாம எடுத்தது. தெரிஞ்சாலும் பரவாயில்லை, அவனுக்குக் கண்ணு மங்கல்"னா. அவளைப் பாத்து அடுத்தவ, அடுத்தவளைப் பாத்து இன்னொருத்தி. ஒரு வெள்ளாட்டை ஓட்டிட்டு வந்து புள்ளைக்குப் பால் பீச்சிக் குடுத்தா ஒருத்தி.

மொத நாள் சாயங்காலம் புருசன் பரமன் வந்தான்.

"ஏளா, வீட்டுக்கு வா. அப்பாவைத் தெருவுல நிறுத்தி அசிங்கப்படுத்தாத."

"நீங்க எந்தக் கும்பாவுல குடிக்கிறீக?"

"இதென்ன கேள்வி? தாமரைப்பூ போட்ட கும்பா."

"அது நெறஞ்சு இருக்குமா, குறைஞ்சு இருக்குமா?"

"நெறஞ்சுதான் இருக்கும்."

"அஞ்சு நாழி அளந்த வீட்டுல ஒங்க கும்பா மட்டும் எப்படி நெறஞ்சுதுன்னு ஒரு நாளாவது கேட்டீகளா? பத்து வருஷத்துக்கு முந்திக் கேட்டீகளா?"

 பரமன் வந்த வழியே திரும்பிப் போயிட்டான்.

வீட்டுல அஞ்சு நாழிக் கம்பு அப்படியே இருக்கு. குத்த உரல் இல்லை. பண்ணையாளை அரியநாச்சி வீட்டுக்கு அனுப்பினாரு, உரல் கடன் வாங்க. "எங்க உரலும் இப்பத்தான் கவுந்துச்சு, பாவம், யார் கண்ணு பட்டுச்சோ"ன்னு அனுப்பிட்டாளாம். அடுத்த வீடு, அதுவும் கவுந்திருச்சு. ரெண்டாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள அந்தத் தெருவுல ஒரு உரலும் நிமிந்து இல்லை. ஆம்பளைக பச்சைக் கம்பை மென்னுக்கிட்டுத் திரிஞ்சாக. தாடை வலிக்குதுன்னு ஒருத்தருக்கொருத்தர் முறையிட்டாக. பண்ணையாளுக ஏரை எறக்கி வச்சுட்டாக.

மூணாம் நாள் காலையில அணைஞ்சபெருமாள் எப்பவும்போலக் குலுக்கைக்கிட்டப் போனாரு. "ஏளா, சாணி கொண்டா"ன்னாரு. இசக்கியம்மா வரலை. திரும்பிப் பாத்தா அவ வாசப்படியில நிக்கிறா, முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு.

"நாப்பது வருஷம் சாணி பிசைஞ்சு குடுத்தது நான். விரலு மட்டும் ஒங்களுது"ன்னா. "இன்னைக்கு நீங்களே பிசைஞ்சுக்கோங்க."

சொல்லிட்டுத் தெருவுல எறங்கினா. நேராப் புளியமரத்தடிக்குப் போய் மருமக பக்கத்துல உக்காந்தா. வெயிலம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. 

அதுக்கு மேல அவரால தாங்க முடியலை. ஊர்ப் பெரியவங்களும் வந்து, "எண்ணித்தான் சொல்லிரும்யா, வாய்தானே, தேஞ்சா போயிரும்"னு நச்சரிச்சாங்க. உச்சிப்பொழுதுல வந்தாரு. தோள்ல துண்டு, கையில கம்பு அளக்குற அந்த நாழி. உரலுக்கு முன்னால நின்னாரு. 

"நான் ஒன்னு. மூத்தவன் ரெண்டு. இளையவன் மூணு. பேரன்மாரு நாலு, அஞ்சு. பண்ணையாளுக ஆறு, ஏழு."

நிறுத்தினாரு.

"மேல சொல்லுங்க மாமா"ன்னா வெயிலம்மா.

தொண்டையைச் செருமினாரு. "இசக்கியம்மா… எட்டு." கெழவி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. "இளையவ மாடத்தி, ஒன்பது. பேத்தி சின்னப்பூ, பத்து."

நிறுத்தினாரு. வெயிலம்மா நிமிந்து அவரைப் பாத்துக்கிட்டு நிக்கிறா. அவர் அவளைப் பாக்கலை. மரத்தைப் பாத்தாரு, மாட்டைப் பாத்தாரு.

"பத்து"ன்னாரு. "அம்புட்டுத்தான். மத்தவங்களுக்கு நாளையில இருந்து அளக்கேன். என்னைத் தெருவுல நிறுத்தினவளுக்கு அளக்க மாட்டேன்."

மாடத்தி எழுந்திரிச்சா. "அப்போ எனக்கும் வேண்டாம்"னா.

"உக்காரு"ன்னா வெயிலம்மா. "புள்ளைக்குப் பால் வேணும். நீ போய்க் குடி." பெறகு மாமனாரைப் பாத்துச் சொன்னாளாம்: "பத்தும் சரியா அளங்க மாமா. அஞ்சு நாழியைப் பத்துப் பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அரை நாழி. கும்பா கொஞ்சம் தாழும், யாரும் சாக மாட்டாக. தை வரைக்கும் தாராளமா வரும். இது ஒரு பெரிய கணக்கா? இந்தக் கணக்கைப் பத்து வருஷத்துக்கு முந்திப் போட்டிருந்தா, என் மக இன்னைக்கு இங்கே நின்னுக்கிட்டு இருப்பா. பதினொன்னாவது ஒங்க வாயில வரலை. வர்ற அன்னைக்கு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் இது இப்படித்தான் கெடக்கும்."

ஊர்க்காரங்க உரலெல்லாம் அன்னைக்கே நிமிந்துச்சு. ஏழு கும்பா வீட்டுக்கு அரியநாச்சி உரலைக் குடுத்தா. அங்கே குத்தினாக, பத்துப் பேருக்கு. பாட்டு கிடையாது. வெயிலம்மா அந்த வீட்டை விட்டுப் போகலை. ஏன் போகணும்? அவ பெத்த புள்ளைக இருக்கிற வீடு. ஆனா அந்தக் குலுக்கைத் தவசத்துல ஒரு மணி அவ வாயில படலை. அடுத்த காட்டுல பருத்தி எடுத்து, களை வெட்டி, கூலித் தவசம் வாங்கி, முத்தத்து ஓரத்துல மூணு கல்லு வச்சுத் தனியாக் காச்சிக் குடிச்சா. பரமன் மொத நாள் தன் கும்பாவைத் தூக்கிட்டு வந்து அவ பக்கத்துல உக்காந்து பாதியை அவ கலயத்துல ஊத்தப் போனானாம். கலயத்தைக் கையால மூடிக்கிட்டாளாம். "எனக்குன்னு அளந்து வரட்டும்"னாளாம்.

கரெக்டா அவ சொன்ன மாதிரியே அந்தத் தவசம் தை வரைக்கும் வந்துச்சு. தைப் பொங்கலுக்குக் குலுக்கை அடியில இன்னும் நாலு நாழி மிச்சமும் கெடந்துச்சாம். மாடத்தி புள்ளை பொழச்சுது. ஊர்ல அதுக்குப் பேரே உரலாயின்னு ஆகிப்போச்சு.

வருஷம் பல போச்சு. அணைஞ்சபெருமாள் படுக்கையில விழுந்தாரு. வெயிலம்மாதான் பாத்தா. கால் அமுக்கினா, கஞ்சி ஊட்டினா, துணி மாத்தினா. எதுலயும் குறை வைக்கலை. ஒரு நாள் அவர் தலைமாட்டுல இருந்த அந்த நாழியைத் தடவி எடுத்து அவகிட்ட நீட்டினாராம்.

"எடுத்துக்க, மூத்தவளே. ஒனக்கு எம்புட்டு வேணுமோ நீயே அளந்துக்க."

அவ வாங்கலை. "நீங்க எண்ணணும் மாமா. உரலுக்கிட்ட வந்து, ஊர் முன்னால."

"என்னால நடக்க முடியலையே."

"ரெண்டு மகன் இருக்காக. தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

அவர் செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. மூணு நாள் அவ காத்திருந்தா. நாலாம் நாள் அவர் போயிட்டாரு. கடைசியா வாயில தண்ணி விட்டதும் அவதான். அழுதாளான்னா, அழுதாளாம். கோபம் தணிஞ்சுதான்னா, தணியலையாம். அவளும் வயசாகிப் போய்ச் சேர்ந்தா. சாகுற வரைக்கும் மாடத்துல விளக்கேத்தினா. ஆனா அந்தப் பழைய வேண்டுதலை மட்டும் பெறகு ஒரு நாளும் கேக்கலையாம்.

உரல் அப்படியே கெடந்துச்சு. நிமித்த வேண்டியவளும் இல்லை, எண்ண வேண்டியவரும் இல்லை. அந்த இடத்துக்குக் கவுத்துரல் முக்குன்னே பேராகிப்போச்சு.

இன்னைக்கும் ஒத்தப்புளிக்கரிசல்ல வேலை செய்யுற பொம்பளையைப் பாடச் சொல்ல மாட்டாக. அவளாப் பாடினா பாடட்டும், பாடுன்னு யாரும் சொல்லக் கூடாது. அந்த ஊருக்குப் பொண்ணு குடுக்கிறவங்க, தங்கம் போடுறாங்களோ இல்லையோ, பேர் வெட்டின ஒரு கும்பா குடுத்து அனுப்பணும். கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை ஊருக்குள்ள வரும்போது, காரா இருந்தாலும் வேனா இருந்தாலும், கவுத்துரல் முக்குல நின்னாகணும். மேளம் நின்னுரும். மாமனார் எறங்கி வந்து, கவுந்த உரல் மேல வலது கையை வச்சு, ஊர் கேக்க அவர் வீட்டு வாயை எண்ணணும். அவர் எண்ணி முடிக்கிற வரைக்கும் பொண்ணு கால் கீழே எறங்காது. கும்பாவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்.

எண்ணுறப்ப மாமனார் தன்னிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. புதுசா வந்த பொண்ணு பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்.

"ஒன்னு"ன்னு.